வாக்குத்தத்த அட்டையும் பிங்க் ஸ்லிப்பும்

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த விஷயம். எழுதினா வீட்டுல திட்டு விழும், சபையில ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்குவாங்க, நம்ம பதிவுலக நாத்திக அன்பர்கள் "வாங்க தம்பி, வழிக்கு வந்துட்டீங்களா"ன்னு சிரிப்பாங்க. மூணுக்கும் தயாராத்தான் உட்கார்ந்திருக்கேன். (நாத்திக அன்பர்களே, வழிக்கெல்லாம் வரலை. முழுசா படிச்சுட்டு அடிங்க :-) )

வேலை போகுது, நோய் வருது, வெள்ளம் வருது. இந்த மாதிரி காலத்துல எங்க கிறிஸ்தவ வட்டாரத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிற ஆறுதல்ல பாதி, அந்த ஆறுதலை எந்த வேதாகமத்துல இருந்து எடுத்தாங்களோ அதுக்கே நேர் எதிரா இருக்கு. இதுதான் என் கட்சி.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டிசம்பர் 31 ராத்திரி பதினோரு மணிக்கு மேல எங்க ஆட்கள் எல்லாரும் குளிச்சு, புதுத்துணி போட்டு கோயிலுக்குப் போவோம். பன்னெண்டு மணிக்கு முழங்கால்ல நிப்போம். ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல சின்னச் சின்ன அட்டைகள் வரும். குடும்பத்துக்கு ஒண்ணு, சில சபைகள்ல ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அதுல ஒரு வசனம் அச்சடிச்சிருக்கும். அதுதான் அந்த வருஷத்துக்கான வாக்குத்தத்தம். ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வுன்னுதான் பெரும்பாலும் இருக்கும். "உனக்கு உபத்திரவம் உண்டு"ன்னு ஒரு அட்டை வந்து நான் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் அதுவும் இயேசு சொன்னதுதான்.

2019 டிசம்பர் 31 ராத்திரி எத்தனை லட்சம் அட்டை எடுத்திருப்போம்னு யோசிச்சுப் பாருங்க. 2020 மார்ச் 25-ல நாடே மூடிக்கிச்சு. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஞாயிறு, கோயில் கதவு பூட்டி இருந்தது. தமிழ்நாட்டுல செப்டம்பர் 1-ல தான் எல்லா வழிபாட்டுத் தலமும் திறந்தாங்க. பெருக்கம்னு அட்டை எடுத்த எத்தனையோ வீட்டுல அந்த வருஷம் சாவு விழுந்துச்சு. அடுத்த டிசம்பர் 31-க்கு அதே தட்டு, அதே மாதிரி அட்டை. நடுவுல என்ன ஆச்சுன்னு யாரும் ஒரு வார்த்தை பேசலை. எனக்கு அதுதான் உறுத்துச்சு.

அட்டைகள்ல சூப்பர் ஸ்டார் ஒரு வசனம் உண்டு. எரேமியா 29-ம் அதிகாரம், 11-ம் வசனம். உங்களைப் பத்தி நான் வெச்சிருக்கிற நினைப்பு தீமைக்கு இல்லை, சமாதானத்துக்குத்தான்னு கடவுள் சொல்ற இடம். காபி கோப்பை, டி-ஷர்ட், கார் கண்ணாடி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்னு அது இல்லாத இடம் கிடையாது. வேலை போனவனுக்கு முதல்ல ஃபார்வர்ட் ஆகிறதும் அதுதான்.

என் நண்பன் ஒருத்தனுக்கு ஒரே நாள்ல பதினாலு பேர் அனுப்பினாங்க. எண்ணிப் பார்த்துச் சொன்னான்.

அவன் கதையைச் சொல்லிடுறேன். கோவில்பட்டிக்காரன். காலேஜ்ல இருந்து ஒண்ணா இருக்கோம், வேலையும் ஒரே கம்பெனி. ஆறு வருஷமா டெஸ்டிங். 2022 கடைசியில இருந்தே எங்க துறையில காத்து மாறிடுச்சு. மெட்டா 11,000 பேர், கூகுள் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர்னு செய்தி வரும்போது "அது அமெரிக்கா மச்சி"ன்னு டீ குடிச்சோம். 2025 ஜூலைல டி.சி.எஸ். தன் ஆட்கள்ல சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல, குறைக்கப்போறதா அறிவிச்சப்ப டீ இறங்கலை. எங்க கம்பெனி (பேர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கதான் சோறு) அறிவிப்பெல்லாம் விடலை. ஒரு வியாழக்கிழமை மதியம் அவன் காலண்டர்ல பதினஞ்சு நிமிஷ மீட்டிங் ஒண்ணு வந்துச்சு. உள்ளே போனான். வெளியே வந்து லேப்டாப் பையை என்கிட்ட குடுத்துட்டு, "மக்கா, ஐ.டி. கார்டை எங்க குடுக்கணும்?"னு கேட்டான்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் இன்னும் மூணு வருஷம் பாக்கி.

அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். ஆராதனை முடிஞ்சு வெளியே நிக்கும்போது ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனுஷர்தான், பொய் சொல்லக் கூடாது. விஷயம் கேள்விப்பட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, தசமபாகம் ஒழுங்கா குடுத்துட்டு வந்தியாப்பா?"

அதுக்கு அடுத்த வாரம் சாட்சி நேரம். ஒருத்தர் மைக் பிடிச்சு, "எங்க ஆபீஸ்ல நாப்பது பேரை எடுத்தாங்க, என்னை மட்டும் கர்த்தர் அதிசயமா காப்பாத்தினார்"னு கண்ணு கலங்கிச் சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் அந்த நாப்பது பேர் மாதிரி ஒருத்தன். அவன் ஸ்தோத்திரம் சொல்லலை, எழுந்தும் போகலை, முன்சீட்டு மரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான். அன்னைக்கு அப்புறம் அவன் கோயிலுக்கு வர்றதில்லை.

சாட்சி சொன்னவர் பொய் சொல்லலை. அவருக்கு அது நிஜமான நன்றி. ஆனா அந்த வாக்கியத்தோட மறுபாதியை யாரும் கேக்கலையே? அந்த நாப்பது பேரை அப்ப கர்த்தர் என்ன பண்ணினார்? லிஸ்ட்ல என் பேரும் வரலை. அதுக்குக் காரணம் என் ஜெபம் இல்லைங்கிறது எனக்கு நல்லாவே தெரியும். என் ப்ராஜெக்ட்ல கிளையண்ட் காண்ட்ராக்டை ஒரு வருஷம் நீட்டிட்டான், அவன் ப்ராஜெக்ட்ல நீட்டலை. அவ்வளவுதான். என்னைவிட அவன் ஒழுங்கா ஜெபம் பண்றவன் வேற.

சரி, அந்த எரேமியா வசனத்துக்கு வருவோம். முன்னாடி பின்னாடி ஒரு பக்கம் சேர்த்துப் படிச்சா ஆள் அசந்துடுவீங்க.

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிச்சு, ராஜா, ராஜாவோட அம்மா, தச்சர், கொல்லர்னு வேலை தெரிஞ்ச ஆட்களையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனார். (கவனிங்க, தொழில் தெரிஞ்சவங்களைத்தான் முதல்ல கூட்டிட்டுப் போனாங்க. அந்தக் காலத்து ஆன்சைட், என்ன, ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது.) அப்படிப் போய் அங்க உட்கார்ந்திருந்தவங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதி அனுப்பினதுதான் 29-ம் அதிகாரம்.

கடிதத்துல என்ன சொல்றார்? வீடு கட்டுங்க. தோட்டம் போடுங்க, அதுல காய்க்கிறதைச் சாப்பிடுங்க. கல்யாணம் பண்ணிக்குங்க, பிள்ளைங்களுக்கும் பண்ணி வைங்க. உங்களைச் சிறைபிடிச்சுக் கொண்டுபோன அந்த ஊரு நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க, ஏன்னா அது நல்லா இருந்தாத்தான் நீங்களும் நல்லா இருப்பீங்க. இதெல்லாம் சொல்லிட்டு அப்புறம் வெக்கிறார் ஆப்பு: எழுபது வருஷம் ஆகும்.

எழுபது வருஷம்! கடிதத்தைப் படிக்கிறவன் முப்பது வயசுக்காரன்னா அவனுக்கு நூறு வயசு. அவன் ஊர் திரும்பப் போறதில்லை. அங்கேயேதான் சாவான். பேரன் போகலாம். எழுபது வருஷம்னு சொன்ன அடுத்த வரியிலதான் நம்ம கோப்பை வசனம் வருது. நல்ல நினைப்பு வெச்சிருக்கேன்னு கடவுள் சொல்றது, தன் ஆயுசுல அந்த நல்லதைப் பார்க்க முடியாத ஒருத்தன்கிட்ட. நாம அதை வெட்டி எடுத்து, அடுத்த காலாண்டுக்குள்ள வேற வேலை கிடைக்கும்ங்கிற அர்த்தத்துல ஃபார்வர்ட் பண்றோம்.

இதுக்கு முந்தின அதிகாரம் இன்னும் ருசி. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி. எரேமியா கழுத்துல ஒரு மர நுகத்தை மாட்டிக்கிட்டு, பாபிலோனுக்கு அடங்கித்தான் ஆகணும்னு சொல்லிக்கிட்டுத் திரியறார். அனனியா ஆலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ரெண்டே வருஷம், போன ராஜா, போன பாத்திரம், போன ஜனம் எல்லாம் திரும்ப வந்துடும்னு அறிவிக்கிறார். அதுக்கு எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? ஆமென்! அப்படியே நடக்கட்டும்னு சொன்னார். அவருக்கும் அது நடக்கணும்னுதான் ஆசை. ஆனா நடக்காதுன்னு தெரியும். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சப்ப, சண்டை போடாம தன் வழியே போயிட்டார்.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். அனனியா குடுத்தது ரெண்டு வருஷ டெட்லைன், எரேமியா குடுத்தது எழுபது. எந்த மேனேஜரைக் கேட்டாலும் அனனியாவைத்தான் ப்ராஜெக்ட்ல போடுவார். கிளையண்ட் கைதட்டுறதும் அனனியாவுக்குத்தான். மேடையில ஒருத்தர் நின்னு, இந்த வருஷம் முடியுறதுக்குள்ள உன் கடன் தீரும்னு சொன்னா கூட்டம் கூடும். பாபிலோன்ல தோட்டம் போடுன்னு சொல்ற ஆளுக்கு யார் கன்வென்ஷன் வெப்பா?

ஒரு பயமும் இருக்கு. இதை எழுதும்போதே எங்க ஆச்சி முகம் வந்துட்டுப் போகுது. சாத்தான்குளம் பக்கம் கிராமம். எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். வருஷா வருஷம் எடுத்த வாக்குத்தத்த அட்டை எல்லாம் அதோட பைபிளுக்குள்ள இருக்கு, பைபிள் மூட மாட்டேங்குது. அந்த அட்டைகளைத் தூக்கிப் போடுன்னா நான் சொல்றேன்? சத்தியமா இல்லை. ஆச்சி அதை வெச்சு ஜெபம் பண்ணுது, அவ்வளவுதான். "ஆண்டவரே, இப்படிச் சொல்லியிருக்கீரே"ன்னு சண்டை போடும். தாத்தா செத்த வருஷமும் ஏதோ நல்ல அட்டைதான் எடுத்திருந்துச்சாம். என்ன ஆச்சி, அட்டை பலிக்கலையேன்னு ஒரு தடவை சின்ன வயசுல வாய்த்துடுக்கா கேட்டேன். "அது சீட்டா லே, பலிக்கதுக்கு?"ன்னு கேட்டுட்டு மீன் அறுக்கப் போயிடுச்சு. ஆச்சியோட இறையியலை என்னால இன்னும் தாண்ட முடியலை.

என் சண்டை அந்த அட்டையை பத்திரப் பேப்பராக்கி, அடுத்தவன் கையில திணிச்சு, நடக்கலைன்னா உன் விசுவாசம் பத்தலைன்னு கணக்கு எழுதுறவங்களோட. வேலை போனது ஒரு அடி. அதுக்கு நீயே காரணம்னு சொல்றது ரெண்டாவது அடி, அதுவும் கடவுள் பேரைச் சொல்லி. யோபு கதையில நண்பர்கள் பண்ணினது இதைத்தான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூணு பேரும் வந்து முதல் ஏழு நாள் ராப்பகலா அவன்கூடத் தரையில பேசாம உட்கார்ந்திருந்தாங்க. அந்த ஏழு நாள்தான் அவங்க செஞ்ச ஒரே உருப்படியான காரியம். வாயைத் திறந்ததும் ஆரம்பிச்சாங்க, நீ ஏதோ தப்பு பண்ணியிருப்பேன்னு. கடைசியில கடவுளுக்குக் கோபம் வந்தது யோபு மேல இல்லை, அவங்க மேல. கடவுளையே கேள்வி கேட்டுக் கிழிச்ச யோபு பேசினதுதான் சரின்னு தீர்ப்பு. இந்தப் புத்தகம் எங்க பைபிள்லயே இருக்குங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். நாங்கதான் அட்டைக்கு எடுக்கலை.

சங்கீதம் 88-ம் அப்படித்தான். மத்த புலம்பல் பாட்டெல்லாம் அழுது அழுது கடைசியில ஒரு நம்பிக்கை வரியில முடியும். இது இருட்டுங்கிற இடத்துலயே நின்னுடும். அப்புறம் ஒண்ணும் இல்லை. யாரோ ஒருத்தன் அந்த நிலையில இருந்திருக்கான், அதை அப்படியே ஆலயத்துல பாட வெச்சிருக்காங்க. இன்னைக்கு எங்க சாட்சி நேரத்துல ஒருத்தன் வந்து "எனக்கு எட்டு மாசமா வேலை இல்லை, ஜெபம் பண்றேன், பதில் இல்லை, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு மைக்கை வெக்க முடியுமா? "அப்புறம்? கர்த்தர் என்ன செஞ்சார்?"னு கேப்பாங்க.

எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் உண்டு, அதையும் சொல்லிடணும். கொஞ்சம் படிச்ச, கொஞ்சம் ஆங்கில ஆராதனை பக்கம் போற ஆட்கள். கடவுள்கிட்ட வேலை கேக்கிறது, வீடு கேக்கிறது எல்லாம் கீழ்த்தரம், அவரு சித்தத்துக்கு ஒப்புக்குடுத்துட்டு அமைதியா இருன்னு சொல்வாங்க. சொல்றவங்க பெரும்பாலும் சொந்த ஃப்ளாட்ல இருந்து சொல்வாங்க :-) எனக்கு அதுவும் ஒத்துக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்ஷன் ரிலீஸுன்னா நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் பட்டனைத் தட்டுறேன். கேக்கலாம், அழலாம், பேரம் பேசலாம். ஆபிரகாம் சோதோமுக்காக அம்பதுல ஆரம்பிச்சுப் பத்து வரைக்கும் பேரம் பேசலையா?

எரேமியாவும் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் இல்லை. 32-ம் அதிகாரம் போங்க. எருசலேமைச் சுத்திப் பாபிலோன் படை நிக்குது. எரேமியா காவல்ல இருக்கார். அந்த நேரம் பார்த்து ஒரு சொந்தக்காரர் வந்து, ஆனதோத்துல இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கோங்கிறார். ஊரே போகப்போகுது, யாராவது நிலம் வாங்குவாங்களா? இவர் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் குடுத்து, சாட்சி வெச்சு, பத்திரம் எழுதி, அது ரொம்ப நாளைக்குக் கெடாம இருக்க ஒரு மண்பாண்டத்துல போட்டு வெக்கச் சொல்றார். எல்லாத்தையும் முடிச்சுட்டு, 'ஆண்டவரே, ஊரு எதிரி கையில போகப்போகுது, என்னைப் போய் நிலம் வாங்கச் சொல்றீரே'ன்னு கடவுள்கிட்டயே கேக்கிறார். வாங்கின அப்புறம் வர்ற அந்தச் சந்தேகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹோம் லோன் கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் புரியும்.

எங்க பக்கமே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. சாத்தான்குளம் பக்கத்துல முதலூர். கிறிஸ்தவங்களா மாறினதுக்காக ஊர்ல இருக்க விடாம அடிச்சு விரட்டினப்ப, 1799-ல தாவீது சுந்தரானந்தம்ங்கிறவர் நிலம் வாங்கி அவங்களைக் குடியேத்தின ஊர். பேரே முதல் ஊர். சொந்த ஊருக்குத் திரும்பும் நாள் வரும்னு தேதி சொல்லிக்கிட்டு இருக்காம, குடிசை போட்டாங்க. (இன்னைக்கு அந்த ஊர் பேரைச் சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது தேங்காய்ப்பால் ஊத்திக் கிண்டுற மஸ்கோத் அல்வா. அது தனிப் பதிவு!)

இன்னொண்ணு, கடிதத்துல வர்ற அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கிற சமாச்சாரம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல்ல சென்னை முங்குச்சு. ரெண்டு வாரம் கழிச்சு எங்க தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துல சிக்கி, சுமார் 800 பேர் சுத்தி வெள்ளத்துக்கு நடுவுல ரெண்டு நாள் மாட்டிக்கிட்டாங்க. பக்கத்து ஊர் சனங்க சோறு பொங்கிப் போட்டாங்க. அவங்க வீட்டுலயும் வெள்ளம்தான். யாரு என்ன சாமி கும்பிடுறவங்கன்னு கேட்டா பொங்கிப் போட்டாங்க? அந்த வாரம் எனக்கு வந்த ஃபார்வர்டுல ஒண்ணு, எங்க தெருவுல மட்டும் தண்ணி ஏறலை, தேவனுக்கே மகிமைங்கிறது. அடுத்த தெருவைப் பத்தி அதுல ஒரு வரி இல்லை.

இப்ப என் நண்பன் விஷயம். அஞ்சாவது மாசம் ஓடுது. இன்டர்வியூ போயிட்டு இருக்கான், ரெண்டு இடத்துல கடைசி ரவுண்டு வரைக்கும் போய் நின்னுடுச்சு. கோவில்பட்டியில அவங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, வொர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லியிருக்கான். வசனம் எதுவும் நான் அனுப்பறதில்லை. சனிக்கிழமை ராத்திரி அவன் ரூமுக்குப் போறேன், பரோட்டா வாங்கிட்டு. ரெஸ்யூம் பார்ப்போம். போன வாரம் அவனே கேட்டான், "டே, அந்த எழுபது வருஷ மேட்டரை இன்னொரு தடவை சொல்லு." சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப அந்தப் பதினாலு பேரும் எனக்கு எழுபது வருஷம்னா சொல்லியிருக்காங்க?"ன்னு சிரிச்சான். ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சான்.

எங்க வாலிபர் கூட்டத்துல நான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். சாட்சி நேரத்துல கிடைச்சவங்க பேசுற மாதிரி, இன்னும் கிடைக்காதவங்களும் பேசட்டும், பேசி முடிச்சதும் யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும். செயலாளர் அண்ணன், "தம்பி, ஒரு நிமிஷம் சும்மா இருந்தா மைக் ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்க"ன்னார். ஐயர் மட்டும் சிரிக்காம, அடுத்த மாசக் கமிட்டியில வெக்கலாம்னு குறிச்சுக்கிட்டார்.